ஸ்ரீதேவி சொல்லாதது

மழைக்காலம் வந்துவிட்டால் முறுக்குப் போடுகிற வீட்டில் எல்லோருக்கும் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். சூட்டோடு கவரில் அடைத்தால் முறுக்கு வேர்த்துவிடும். ஆறட்டும் என்று தட்டில் விட்டால் ஈரக்காற்றுப் பட்டு நமத்துப் போகும். இரண்டுக்கும் நடுவில் ஒரு பதம் இருக்கிறது. தாராவியில் தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து பிரிந்து போகும் சந்து ஒன்றில், கீழே அடுப்பும் மேலே குடித்தனமுமாக இருந்த தங்கசாமியின் கோலியில், அந்தச் சின்ன வீட்டில், அந்தப் பதம் பார்ப்பது அவர் மனைவி உமாமகேஸ்வரியின் வேலை. புறங்கையை முறுக்கின் மேல் ஒரு கணம் வைத்து எடுப்பாள். அடைக்கலாம் என்றால் அடைக்கலாம். செம்பூரிலும் நெருளிலும் இருக்கிற கடைக்காரர்கள் தங்கசாமி முறுக்கு மழையிலும் மொறுமொறுவென்று இருப்பதாகச் சொல்வது அந்தப் புறங்கையால்தான்.

இவ்வளவு பதம் தெரிந்த உமாவுக்குத் தன் மகள் விஷயத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. ஸ்ரீதேவிக்குப் பதினாலு முடிந்து ஒன்பதாவது படிக்கிறாள். அவளோடு பாலர் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளுக்கெல்லாம் சடங்கு முடிந்து, தெருமுக்கில் பேனர் வைத்து, கறிச்சோறு போட்டாகிவிட்டது. தண்ணீர் பிடிக்கப் போகிற இடத்தில் யாராவது ஒருத்தி, "உன் மவ இன்னும் பாவாடையிலதான் நிக்காளா?" என்று கேட்காத நாளில்லை. உமா சிரித்து மழுப்பிவிட்டு வருவாள்.

அவள் அந்த நாளுக்காகக் காத்திருந்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அவளுடைய அண்ணன் இசக்கிராஜ் ஒருகாலத்தில் இதே அடுப்படியில்தான் தங்கசாமியோடு உட்கார்ந்து முறுக்குச் சுற்றினான். ஸ்ரீதேவி கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு தீபாவளி நெருக்கத்தில் எண்ணெய் புகைந்து ஒரு கொப்பரை முறுக்கும் கருகிப் போயிற்று. சரக்கு எடுக்க வந்த கடைக்காரரும் வேலையாட்களும் நிற்கையில் தங்கசாமி, "ஒனக்கு இந்த வேல ஆவாதுல, எந்திரிச்சுப் போ" என்றுவிட்டார். இசக்கிராஜ் கையைக் கழுவினான், செருப்பை மாட்டினான், போய்விட்டான். இப்போது கோவண்டியில் கிரைண்டர் போட்டு இட்லி மாவு விற்கிறான். அதற்குப் பிறகு இரண்டு ஆண்களும் ஒரு சொல் பேசிக்கொள்ளவில்லை. கல்யாண வீடுகளில் ஒருவர் முதல் பந்தியில் உட்கார்ந்தால் மற்றவர் மூன்றாம் பந்தியில் உட்காருவார். உமா பொங்கலுக்குப் பொங்கல் போன் செய்து அழுவாள்.

ஆனால் சடங்கு என்று ஒன்று வந்தால் தாய்மாமன் இல்லாமல் தண்ணீர் ஊற்ற முடியாது. தங்கசாமியே ஒருமுறை, "அந்த நாள் வரட்டும், நானே போயி வெத்தல வச்சிக் கூப்பிடுதேன்" என்று வாய்விட்டுச் சொல்லியிருந்தார். அந்த ஒரு வாக்கைப் பிடித்துக்கொண்டு உமா வருஷங்களை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

ஆடி பிறந்ததும் அவளால் பொறுக்க முடியவில்லை. சயான் ஸ்டேஷன் பக்கம் ஒரு லேடி டாக்டர் இருந்தாள். ரத்தம் கம்மியாக இருக்கும், ஒரு டானிக் எழுதி வாங்கலாம் என்று மகளைக் கூட்டிக்கொண்டு போனாள். எதற்கு என்று ஸ்ரீதேவி வழியெல்லாம் கேட்டாள். உடம்புக்கு என்று மட்டும் சொன்னாள் உமா.

டாக்டரம்மா மராத்திக்காரி, நரைத்த குட்டை முடி. உமா தனக்குத் தெரிந்த இந்தியில், பெண்ணுக்கு வயது பதினாலு ஆகிவிட்டது, இன்னும் ஒன்றும் ஆகவில்லை என்று சொன்னாள். டாக்டரம்மா தலையைத் திருப்பி ஸ்ரீதேவியைப் பார்த்தாள். ஸ்ரீதேவி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு, ஆகிவிட்டது மேடம் என்றாள். கடைசியாக எப்போது என்று கேட்டதற்கு இந்த மாதம் ஆறாம் தேதி என்றாள். முதல் தடவை? போன வருஷம், பிள்ளையார் சதுர்த்திக்குக் கணபதி வைத்திருந்த சமயம்.

இந்தியில் நடந்த பேச்சு உமாவின் காதில் விழுந்து, மனதுக்குப் போய்ச் சேரச் சற்று நேரம் பிடித்தது. டாக்டரம்மா பேனாவை மூடிவிட்டு, குழந்தை நன்றாக இருக்கிறாள், பேரீச்சம்பழம் கொடுங்கள், நீங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளுங்கள் என்று நயமாகச் சொல்லி அனுப்பினாள்.

வெளியே மழை சாய்ந்து பெய்தது. ஸ்ரீதேவி குடையை விரித்து அம்மாவின் தலைக்கு மேல் பிடித்தாள். உமா குடையை விட்டு விலகி நடந்தாள். இவள் பக்கத்தில் வர, அவள் இன்னும் விலகினாள். வீட்டுக்கு வந்து சேரும்போது அம்மா தொப்பலாக நனைந்திருந்தாள், மகள் பாதி நனைந்திருந்தாள். தங்கசாமி என்ன என்று கேட்டதற்கு, ஒன்றுமில்லை, சத்துக் குறைவாம் என்று சொல்லிவிட்டு உமா நனைந்த சேலையோடே மாவு பிசைய உட்கார்ந்தாள்.

இதை யாரிடம் சொன்னாய் என்று மட்டும் மகளிடம் கேட்டாள். ஸ்ரீதேவி ஆஸியாவின் பெயரைச் சொன்னாள்.

ஆஸியா அவளோடு ஒரே வகுப்பு. இரண்டு சந்து தள்ளி வீடு. அவளுடைய அம்மா தோல்பைக்குக் கைப்பிடி தைக்கிறவள், மேலப்பாளையத்துக்காரி. மறுநாள் உமா சண்டை போடுகிற எண்ணத்தோடுதான் அந்த வீட்டுப் படி ஏறினாள். ஆஸியாவின் அம்மா அவள் முகத்தைப் பார்த்ததும் மிஷினை நிறுத்திவிட்டாள். அன்றைக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து நேராக இங்கேதான் வந்தாள், கை ஜில்லென்று இருந்தது, டீ போட்டுக் கொடுத்து, எப்படி வைத்துக்கொள்வது என்று சொல்லிக் கொடுத்தேன், மாதாமாதம் வேண்டியதையும் இங்கேதான் வாங்கி வைத்திருக்கிறேன், உங்கம்மாவைக் கூப்பிடவா என்றதற்குக் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை என்றாள். உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும்தான், ஆனால் என்னை நம்பி வந்த பிள்ளையை எப்படிக் காட்டிக் கொடுப்பது என்று தினமும் நினைத்துக்கொண்டேதான் தைக்கிறேன் என்றாள். சொல்லும்போதே அவள் கண் கலங்கிவிட்டது. உமாவுக்குச் சண்டை வரவில்லை. அவள் போட்டுக் கொடுத்த டீயை ஆறவிட்டுக் குடித்துவிட்டு எழுந்து வந்தாள். என் பிள்ளைக்கு முதல் டீ இன்னொருத்தி போட்டுக் கொடுத்திருக்கிறாள் என்பதுதான் வழியெல்லாம் கூடவே வந்தது.

அன்று மத்தியானம் மேல்கோலியில் அம்மாவும் மகளும் உளுந்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். கீழே எண்ணெய் இரையும் சத்தமும் தகரக் கூரையில் மழையும் சேர்ந்து, பேசினால் கீழே கேட்காது.

"ஏட்டி, நான் ஒன்ன அடிச்சனா, வஞ்சனா? எங்கிட்டச் சொல்ல என்ன பயம்?"

"பயம்லாம் இல்லம்மா."

"பெறவு?"

"சொன்னா நீ சந்தோசப்படுவ. அதான்."

உமாவுக்கு விளங்கவில்லை. கையிலிருந்த உளுந்தைச் சுளகில் போட்டுவிட்டு மகளைப் பார்த்தாள்.

"நீ சந்தோசத்துல மொதல்ல ஓடிப்போயித் தெருக்காரங்ககிட்டச் சொல்லுவ. அப்பா பேனர் அடிப்பாரு. தங்கமயில் அக்காவுக்கு வச்சாங்கல்ல, முக்குல, செல்லப்பா டீக்கடைக்கு மேல. அவ்ளோ பெருசு. கிரீடம்லாம் வச்சு. எங்க ஸ்கூல் பயலுவ அத போட்டோ எடுத்து குரூப்ல போட்டானுவ. என்னல்லாம் எழுதுனானுவ தெரியுமா? நான் வாசிச்சேம்மா. தங்கமயில் அக்காவும் வாசிச்சா. அதுக்கப்புறம் அவ அந்த முக்கு வழியா வரதே இல்ல. பின்னாடி சாக்கடை நாலா ஓரமாச் சுத்தித்தான் வருவா. நீங்கல்லாம், பொண்ணுக்கு வெக்கம் வந்துட்டுன்னு சிரிச்சீங்க."

தங்கமயில் உமாவின் சித்தப்பா மகளுக்கு மகள். அந்தச் சிரிப்பில் உமாவும் இருந்தாள்.

"எனக்கு நடந்தப்போ நான் சந்தோசமாத்தாம்ட்டி இருந்தேன்" என்றாள் உமா. பொய்யில்லை. ஓலைக் குச்சிலில் உட்கார வைத்து, உளுந்தங்களி கிண்டிக் கொடுத்து, பம்பாயிலிருந்து இசக்கி அண்ணன் ரயில் ஏறி வந்து மாம்பழக் கலரில் பட்டு எடுத்துக் கொடுத்தபோது, உலகத்தில் தன்னை ஒருத்தியை மட்டும் எல்லோரும் பார்த்தது அவளுக்குப் பிடித்திருந்தது. அதைச் சொன்னாள். ஸ்ரீதேவி குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"ஒனக்குப் புடிச்சிருந்துச்சு. எனக்குப் புடிக்கல. அவ்ளோதாம்மா. நான் பெரியவளா ஆனது எனக்குத் தெரிஞ்சா போதும். எல்லாத்துக்கும் எதுக்குத் தெரியணும்?"

உமா கொஞ்ச நேரம் கல் பொறுக்கினாள். நேற்றிலிருந்து மனதில் ஓடிக்கொண்டிருந்ததை அப்போதுதான் வெளியே எடுத்தாள். இத்தனை மாதம் கதை யாருக்கும் தெரிய வேண்டாம், இப்போதுதான் ஆனது என்று சொல்லிவிடலாம், பேனர் வேண்டாம், வீட்டோடு வைத்துக்கொள்ளலாம், மாமா வந்து தண்ணீர் ஊற்றிவிட்டுப் போகட்டும் என்றாள்.

ஸ்ரீதேவி நிமிர்ந்தாள். "மாமா வரணும். அதுக்குத்தானே?"

உமா சுளகைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும்மா. நீ போன்ல அழுறது கேக்கும்ல. மாமா வருவாருன்னா சொல்லு, நான் உக்காருதேன். ஒனக்காக உக்காருதேன்."

முகத்தைச் சுளிக்காமல், ஒரு மூட்டையைத் தூக்க ஒப்புக்கொள்கிறவளைப் போல அவள் அதைச் சொன்னாள். தன் அண்ணனைத் தன் வாசலுக்குக் கொண்டுவர இந்தப் பிள்ளையை மணையில் ஏற்றப் பார்த்தோமே என்று உமாவுக்கு இருந்தது. எழுந்துபோய் அடுக்குப் பானையிலிருந்து கருப்பட்டியை எடுத்தாள். உளுந்தை வறுத்துப் பொடித்து, நல்லெண்ணெய் விட்டுக் களி கிண்டினாள். பதினோரு மாசம் பிந்திப்போன களி. ஸ்ரீதேவிக்கு அந்த வழுவழுப்புப் பிடிக்காது. ஆனாலும் நாலு உருண்டை விழுங்கினாள்.

சாப்பிட மேலே வந்த தங்கசாமி களியின் வாசனையில் படியிலேயே நின்றார். முகம் மலர்ந்துவிட்டது. எப்போ என்று கேட்டார். உமா உண்மையைச் சொன்னாள், ஒன்று விடாமல்.

தங்கசாமி கத்துகிற ஆளில்லை. அதுதான் சங்கடம். எத்தனை வீட்டு வாசலில் போய் நின்று சீர்ப்பெட்டி தூக்கியிருக்கிறேன், என் வீட்டில் ஒன்று என்றால் ஊரே வரும் என்று இருந்தேன், ஒரு பொட்டப்பிள்ளைக்கு இவ்வளவு நெஞ்சழுத்தமா என்று மட்டும் கேட்டார். உமா, அழுத்தமில்லை, கூச்சம் என்றாள். அவர் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டுக் கீழே இறங்கினார். அதன்பிறகு மகளோடு பேசவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால், "உம்மவகிட்டச் சொல்லு" என்பார். ஸ்ரீதேவி கொண்டுவந்து வைப்பாள். அவர் சொம்பை எடுத்துக் குடிப்பார், அவளைப் பார்க்க மாட்டார்.

அந்த வாரமே ஞாயிற்றுக்கிழமை உமா அண்ணன் வீட்டுக்குக் கிளம்பினாள். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து இவ்வளவு காலமாகியும் அவளுக்கு சயானைத் தாண்டித் தனியாக ரயிலேறத் தெரியாது. ஸ்ரீதேவிதான் போனில் டிக்கெட் எடுத்தாள், குர்லாவில் இறங்க வைத்தாள், கூட்டத்தில் கையைப் பிடித்துப் படியேற்றி ஹார்பர் லைன் பிளாட்பாரத்துக்குக் கொண்டுபோனாள். லேடீஸ் பெட்டியில் இடம் மறித்து நின்றவளிடம் மராத்தியில் ஏதோ சொன்னாள். அவள் நகர்ந்து உமாவுக்கு இடம் விட்டாள். எங்கே படித்தாய் இதையெல்லாம் என்று கேட்க வாயெடுத்து, உமா கேட்கவில்லை.

கோவண்டியில் இசக்கிராஜின் கடை மூன்று ஆள் நிற்கிற இடம். கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. காது மடலில் மாவு ஒட்டியிருந்த மனுஷன் தங்கச்சியைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் கல்லோடு கல்லாக நின்றான். பின்னால் நின்ற மருமகளைப் பார்த்தான். உயரமாகிவிட்ட பெண்ணைப் பார்த்ததும் தானாகவே ஒரு முடிவுக்கு வந்து கிரைண்டரை நிறுத்தினான்.

"சடங்கா? மாப்ள வரலையா?"

உமா சொன்னாள். மகளை வைத்துக்கொண்டே சொன்னாள். சடங்கு கிடையாது, அவளுக்கு வேண்டாம், எனக்கும் வேண்டாம் என்று ஆகிவிட்டது என்றாள்.

இசக்கிராஜ் மாவுக் கையைத் துண்டில் துடைத்தான். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தான். "அப்பம் தாய்மாமன்னு நான் எதுக்கு இருக்கேன்? நான் அங்க வர இருந்தது அந்த ஒரு வழிதான உமா. அதயும் அடச்சிட்டு வந்து சொல்லுதியே."

"நீ தாய்மாமனா வர வேண்டாம்ணே. எனக்கு அண்ணனா வா. நான் ஒன்னப் பாக்கத்தான் வந்தேன். இத்தன வருசமா சடங்கு வரட்டும், சடங்கு வரட்டும்னு இருந்தது என் கிறுக்குத்தனம். ரெண்டு ரயிலு தூரம்."

அவன் கிரைண்டர் பக்கம் திரும்பிக்கொண்டான். மதினி டீயும் பிஸ்கட்டும் கொண்டுவந்தாள். அவர்கள் குடித்து முடிக்கும்வரை அவன் அரிசி ஊறிய அடுக்குப் பாத்திரத்தில் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டே இருந்தான். கிளம்பும்போது ஒரு பை மாவைக் கட்டி ஸ்ரீதேவியின் கையில் கொடுத்தான். பிறகு கிரைண்டரைப் போட்டுவிட்டான். அந்தச் சத்தத்தில் போய்ட்டு வாரேன் என்று உமா சொன்னது அவனுக்குக் கேட்டதோ இல்லையோ.

அவன் வரமாட்டான் என்றுதான் உமா நினைத்தாள். போய்ப் பார்த்ததில் அவளுக்கு மனது கொஞ்சம் லேசாகியிருந்தது. அதற்கு மேல் ஆசைப்படவில்லை.

ஆவணியில் மாதுங்காவில் ஒரு கல்யாணம். மண்டபத்தில் தங்கசாமிக்குப் பெரியப்பா முறையான ஒருவர் வெற்றிலையை மென்றுகொண்டே, எல்லோர் காதிலும் விழும்படி, உன் வீட்டு விசேஷத்துக்கு எப்போதான் சோறு போடுவாய், பிள்ளைக்கு ஏதும் கோளாறா என்று கேட்டுவிட்டார். ஸ்ரீதேவி நாலு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தாள்.  தங்கசாமி சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்த வெற்றிலையை மடித்து முடித்தார்.

"அவ நல்லாத்தான் இருக்கா பெரியப்பா. எங்க வீட்ல நாங்க ஊரக் கூட்டல. அவ்ளவுதான்."

குரல் உயரவில்லை. பெரியப்பா வேறு பேச்சுக்குப் போய்விட்டார். மறுநாள் காலையில் அடுப்படியிலிருந்து, "எம்மா ஸ்ரீ, அந்த ஜல்லிக் கரண்டிய எடு" என்று தங்கசாமி கூப்பிட்டார். ஸ்ரீதேவி எடுத்துக் கொடுத்தாள். இரண்டு பேரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாவு பிசைந்துகொண்டிருந்த உமாதான் மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டாள்.

கணபதி நெருங்கி ஆர்டர் குவிந்திருந்த ஒருநாள் முற்பகல். பள்ளிக்கூடம் லீவு. மழை தூறிக்கொண்டிருந்தது. சரக்கை வண்டியில் ஏற்றிவிட்டு வந்த வேலையாள் நெல்லையப்பன், "அக்கா, முக்குல ஒரு ஆளு ரொம்ப நேரமா நிக்காரு. உங்க அண்ணன மாதிரி இருக்கு" என்றான். உமாவின் இரண்டு கையும் முழங்கை வரை மாவில் இருந்தது. தங்கசாமி காதில் விழாததுபோல எண்ணெயில் முறுக்கைத் திருப்பினார். எழுந்திருக்கலாமா கூடாதா என்று உமா அவர் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

ஏணியில் ஸ்ரீதேவி இறங்கி வந்தாள். யாரையும் கேட்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

வாசலுக்கு நேரே பார்த்தால் சந்து முடியும் இடம் தெரியும். டீக்கடை ஓரமாக இசக்கிராஜ் வெறுங்கையோடு நின்றுகொண்டிருந்தான். ஸ்ரீதேவி போய் அவனுக்கும் சேர்த்துக் குடையைப் பிடித்தாள். ஏதோ சொன்னாள். அவன் தலையை ஆட்டி மறுத்தான். அவள் மறுபடியும் சொன்னாள். அவன் கேட்டான். நடுவில் ஒருமுறை அவன் சிரித்த மாதிரிகூட இருந்தது. ஆட்கள் அவர்களை இடித்துக்கொண்டு போனார்கள், ஒரு கைவண்டி போயிற்று, அவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். பிறகு இரண்டு பேரும் சந்துக்குள் நடந்து வந்தார்கள்.

வாசலில் வந்து இசக்கிராஜ் நின்றுவிட்டான். அடுப்படியில் எல்லோரும் கையை நிறுத்தினார்கள். தங்கசாமி நிறுத்தவில்லை. ஓர் ஈடு முறுக்கை வாரி எண்ணெய் வடியவிட்டார். அதற்குப் பிறகுதான் தலையைத் தூக்கினார்.

"தரையெல்லாம் எண்ணெயாக் கெடக்கு" என்றார். "பாத்து வா."

இசக்கிராஜ் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். நெல்லையப்பன் நகர்ந்து கொடுத்த பலகையில் உட்கார்ந்தான். உமா கையை வழித்துப் போட்டுவிட்டு டீ வைக்க மேலே ஓடினாள். கீழே கொஞ்ச நேரம் எண்ணெய் இரைச்சல் மட்டும்தான் கேட்டது. பிறகு அண்ணனின் குரல் எண்ணெய் எங்கே எடுக்கிறீர்கள் என்று கேட்டது, தங்கசாமியின் குரல் ஒரு கடையின் பெயரைச் சொன்னது.

சாயங்காலம் அவன் போனபிறகு அம்மாவும் மகளும் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய தட்டுகளைச் சோடா உப்புப் போட்டுக் கழுவினார்கள். உமா இரண்டு தட்டுவரை பொறுத்துப் பார்த்தாள்.

"மாமாகிட்ட என்னட்டி சொன்ன, அவ்ளவு நேரம்?"

"சும்மா. பேசிட்டிருந்தோம்."

"சும்மான்னா?"

ஸ்ரீதேவி தட்டைக் கவிழ்த்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஒளிவு இல்லை, கோபமும் இல்லை. "அது எனக்கும் மாமாவுக்கும்மா" என்றாள்.

கேட்க வேண்டும் என்று உமாவுக்கு நாக்கு நுனிவரை வந்தது. சோடா உப்புத் தண்ணீரில் கையை விட்டு அடியில் கிடந்த தட்டைத் துழாவி எடுத்து, "இதுல ஓரத்துப் பிசுக்கு போகல. நல்லாத் தேய்" என்று மகளிடம் நீட்டினாள்.